கோயில் நிறுத்தத்தில் ஏறியவர்கள்

எங்கள் தொழிற்சாலைக்குள் ஏஐ வந்தே தீர வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் முடிவு செய்தார்கள். எதற்காக வர வேண்டும் என்பதை மட்டும் பெருந்தன்மையோடு எங்களிடமே விட்டுவிட்டார்கள். ஓசூரில் வண்டிகளுக்கான பிரேக் பாகங்கள் செய்கிற இடம் அது. நான் அங்கே அட்மின் மேனேஜர். பட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம். சாம்பாரில் உப்பு குறைந்தாலும், கம்பெனி பஸ் தாமதமானாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அடிக்கிற போன் என்னுடையது.

ஒவ்வொரு டிபார்ட்மென்டும் ஒரு யோசனை எழுதிக் கொடுங்கள், அதில் ஜெயிக்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துச் செய்வோம் என்றார் பிளான்ட் ஹெட். அவர் தினமும் பெங்களூரிலிருந்து எல்லை தாண்டி வந்து போகிறவர். அத்திப்பள்ளி டிராஃபிக்கில் கழிகிற நேரம் போக மீதி நேரத்தில் எங்களை நிர்வாகம் செய்வார். ‘ஜெயிக்கக்கூடிய’ என்பதை அழுத்திச் சொன்னார். வேறு ஊரில் இருந்த எங்கள் கிளை ஒன்றில் ஆசைப்பட்டு வாங்கிய ரோபோ, பாலித்தீன் போர்வை போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கிறதாம். வருகிற விருந்தாளிகள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்களாம். அந்தக் கதி நமக்கு வேண்டாம் என்பது அவர் கவலை.

தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். நான் ஒருவன். குவாலிட்டியிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் இன்னொருவர். தொழிலாளர் பக்கத்திலிருந்தும் ஒருவர் வேண்டும் என்று உத்தரவு இருந்ததால், அசெம்பிளி லைனில் வேலை செய்த ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவாள், கூட்டத்தில் வாய் திறக்கப் பயப்பட மாட்டாள் என்பது தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

அஞ்செட்டிப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள் அவள். கேழ்வரகும் மாடுகளும்தான் அந்த வீட்டுப் பிழைப்பு. மருமகள் கம்பெனி வேலைக்குப் போவதற்கு வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். கம்பெனி பஸ் ஊர் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிட வேண்டும். அவள் அப்போது டிரெய்னி. இடையில் விட்டுப்போகாமல் பயிற்சிக் காலத்தை முடித்தால் வேலை நிரந்தரம். முதல் கூட்டத்துக்கு முன்னால் டீ குடிக்கும்போது அவளே என்னிடம் சொன்னாள்.

"பர்மனென்ட் மட்டும் ஆயிட்டா அப்புறம் வூட்ல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க சார். அதுவரைக்கும் எப்படியோ ஓட்டிடணும்."

அவளுடைய திட்டம் அவ்வளவுதான். எங்கள் கமிட்டிக்கு வந்த திட்டங்களைவிட அது தெளிவாக இருந்தது.

வந்தவற்றைச் சொல்கிறேன். பெயிண்ட் ஷாப்காரர்கள் கேமரா கேட்டார்கள். பாகத்தில் கீறல் இருந்தால் அதுவே கண்டுபிடித்துத் தள்ளிவிட வேண்டுமாம். மெயின்டனன்ஸ்காரர்களுக்கு மெஷின் பழுதாவதற்கு முன்னாலேயே தெரிய வேண்டும். பழுதான பிறகே அவர்களுக்குத் தெரிய அரை நாள் ஆகும் என்பதால், அதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஹெச்ஆரில், லீவு பற்றிக் கேட்டால் பதில் சொல்கிற பேச்சுப் பெட்டி வேண்டும் என்றார்கள். கேட்கிறவர்களுக்கு வேண்டியது பதில் அல்ல, லீவு என்பதை யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

நான் கொடுத்தது பஸ்ஸும் சாப்பாடும். நாளைக்கு எந்த ஷிப்டுக்கு எத்தனை பேர் வருவார்கள், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதன் அருமை புரியும். மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரி பஸ் பாதி காலியாக வரும். தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தால் ராயக்கோட்டைக்காரர்களைப் பார்க்க முடியாது. தளிப் பக்கம் ஊர்த் திருவிழா எப்போது என்று எனக்கு எவரும் முன்னால் சொல்வதில்லை. காவிரித் தகராறு கிளம்பினால் எல்லையில் என்ன ஆகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமாக நான் குத்துமதிப்பாகத்தான் உலை வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பல நாள் சோறு மிஞ்சும், சில நாள் சோற்றுக்கு அடிதடி நடக்கும்.

எங்களுக்கு வழிகாட்ட பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். சினிமா மாதிரி படம் காட்டப்போகிறார் என்று நினைத்தேன், காட்டவில்லை. எது பிரமாதமாக இருக்கும் என்று பார்க்காதீர்கள், எது நடக்கும் என்று பாருங்கள் என்றார். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு யோசனையையும் நிறுத்திவைத்துச் சில கேள்விகள் கேட்கச் சொன்னார். அதற்கு வேண்டிய தகவல் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? வேலை செய்கிறவர்கள் விரும்புகிறார்களா, மேலே இருக்கிறவர்கள் மட்டும் விரும்புகிறார்களா? அது தப்பாகச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? ஜெயித்ததா என்று எதை வைத்துச் சொல்வோம்?

இந்தக் கேள்விகளுக்கு முன்னால் கேமரா முதல் சுற்றிலேயே விழுந்தது. எது கீறல், எது வெறும் அழுக்கு என்று பெயிண்ட் ஷாப்பில் இருந்த இரண்டு இன்ஸ்பெக்டர்களே எங்கள் முன்னால் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கே ஒத்துப்போகாததைக் கேமராவுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? மெயின்டனன்ஸில் தகவலே இல்லை. பேச்சுப் பெட்டி தப்பாகச் சொல்லி, ஒருவன் அதை நம்பி லீவில் போய்விட்டால் சம்பளத்தில் கை வைக்க வேண்டிவரும். பஸ்ஸுக்கு வந்தபோது எல்லாம் வழுவழுவென்று போயிற்று. ஒவ்வொரு பஸ்ஸிலும் கார்டு காட்டுகிற மெஷின் இருக்கிறது. ஏறுகிறவர்கள் அடையாள அட்டையைக் காட்டினால் அது பீப் என்று கத்திவிட்டு, யார், எங்கே, எப்போது என்று பதிந்துகொள்ளும். ஒரு வருஷத்துக்கும் மேலான தகவல் சும்மா கிடந்தது.

"தப்பாச்சுன்னா?" என்று ஆலோசகர் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"என்னா ஆவும் சார்? ஒரு சீட்டு காலியா போவும். நாலு பேரு சோறு மிஞ்சும். வெளியில நாய்ங்க இருக்குது."

எல்லாரும் சிரித்தோம். நஷ்டம் இல்லை என்று அந்தக் கேள்விக்கு முழு மார்க் போட்டோம். கடைசிக் கேள்விக்கு ஆலோசகரே ஒரு பதில் கொடுத்தார். மெஷின் சொன்னதை மனிதர்கள் எத்தனை தடவை தள்ளிவிட்டுத் தங்கள் இஷ்டப்படி செய்தார்கள் என்று பார்ப்போம், அது எவ்வளவு குறைவோ அவ்வளவு வெற்றி. கேட்க நன்றாக இருந்ததால் நாங்கள் மூவரும் சரி என்றோம். ஜெயிக்கக்கூடியது பஸ்தான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும், அந்தக் கேள்விகளுக்கு வேறு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

அது ஜெயிக்கவும் செய்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பஸ்ஸில் எத்தனை பேர் வருவார்கள் என்று முதல் நாள் மாலையே சொன்னது. ஒருவரோ இருவரோதான் முன்னே பின்னே. கேன்டீன் காண்டிராக்டர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். சோறு மிஞ்சாததால் வாசலில் படுத்திருந்த நாய்கள் வேறு கம்பெனிக்கு மாறிப்போயின. நான் வீட்டில்கூட அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மனைவி ஒரு நாள், "நம்ம வூட்டுக்கும் ஒண்ணு வாங்கிப் போடுங்க, சாயங்காலம் எத்தன மணிக்கு வருவீங்கன்னாவது தெரியும்," என்றாள்.

சில மாதங்கள் கழித்து, எண்ணிக்கை சொல்வதோடு நில்லாமல் பஸ் பாதைகளுக்கும் அது யோசனை சொல்லத் தொடங்கியது. அஞ்செட்டி பஸ்ஸின் கடைசி மூன்று நிறுத்தங்களில் யாருமே ஏறுவதில்லை, பஸ் கோயில் நிறுத்தத்தோடு திரும்பினால் போதும் என்றது. அந்தக் கோயில் காடு முடிகிற இடத்தில், தேன்கனிக்கோட்டைக்குப் போகிற ரோட்டின் ஓரமாக இருக்கிறது. எனக்கும் அது ஆச்சரியமாகத் தோன்றவில்லை. காட்டு ஊர்ப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஓசூரிலேயே ரூம் எடுத்துத் தங்குவது நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மூன்றில் அவள் ஊரும் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பிளான்ட் ஹெட் சம்மதம் சொன்னார். புதிய பாதை பஸ் காண்டிராக்டருக்குத் தானாகவே போய்விட்டது.

அடுத்த திங்கட்கிழமை அவள் என் அறைக்கு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"சார், பஸ்ஸு ஏன் எங்கூருக்கு வர்ல?"

"அங்க யாருமே ஏறதில்லன்னு சொல்லுதேம்மா."

"யாரு சொன்னது?"

"நாம செலக்ட் பண்ணமே, அதான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். அவள் ஊருக்கு நேராகப் பூஜ்ஜியம். காட்டுக்குள் அதற்கும் மேலே இருந்த இரண்டு ஊர்களுக்கும் பூஜ்ஜியம். கடந்த ஒரு வருஷத்தில் எந்த மாதத்தைத் திறந்தாலும் பூஜ்ஜியம்.

"நான் தெனம் ஏர்றனே சார்."

"கார்டு போடறியா?"

"போடாம? தெனம் போடறேன். எல்லாரும் போடறோம்."

அவளுடைய கார்டு எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒரு நாள் விடாமல் இருந்தது. ஆனால் ஊர்ப் பெயர் வேறாக இருந்தது.

"நீ கோயில் ஸ்டாப்புல ஏறினதா இருக்குதே. அங்க என்ன ஊர் இருக்கு?"

"ஊரா? அங்க முனியப்பன் மட்டுந்தான் சார் இருக்காரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே பொறி தட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற விஷயம் இல்லை என்று உடனே தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

அவள் சொன்னது இதுதான். காட்டுக்குள் பஸ் ஓடுகிற வரைக்கும் அதில் சத்தம் கூடாது. ஹாரன் அடிக்க மாட்டார்கள், பாட்டுக் கிடையாது, போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்வார்கள், பேசினாலும் காதோடு காதாகத்தான். விடியற்காலையில் யானை ரோட்டு ஓரமாகவே நிற்கும். கார்டு மெஷின் பொருத்திய புதிதில் ஒரு நாள், பெண்கள் வரிசையாக ஏறி அது பீப், பீப் என்று கத்திக்கொண்டிருக்கும்போது ஒற்றை யானை ஒன்று பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. டிரைவர் வளைவு வரைக்கும் பின்னாலேயே எடுத்திருக்கிறார். அது பீப் சத்தத்துக்கு வந்ததா, சும்மா ரோட்டைத் தாண்ட வந்ததா என்று யானையைத்தான் கேட்க வேண்டும். அன்றிலிருந்து காட்டுக்குள் மெஷினை அணைத்துவிடுவார். முனியப்பன் கோயிலில் வண்டியை நிறுத்தி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்து மெஷினைப் போடுவார். அதற்குப் பிறகு எல்லாரும் எழுந்து வந்து கார்டைக் காட்டுவார்கள். சாயங்காலம் கார்டு போடுவது கம்பெனி கேட்டில்தான், அதனால் திரும்பும்போது இந்தத் தொல்லை இல்லை.

"இத ஏம்மா அப்பவே கூட்டத்துல சொல்லல?"

"அதச் சொல்லணும்னு யாருக்கு சார் தோணும்? கார்டு போடறீங்களான்னு கேட்டாங்க. போடறோம்னு சொன்னேன்."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. என் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். தகவல் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருந்தது. ஒவ்வொன்றும் சரியான தகவல். முனியப்பன் கோயிலில்தான் அத்தனை பேரும் கார்டு போட்டார்கள். மெஷின் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அப்படியானால் பிசகு எங்கேதான் இருந்தது? அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது இதைக் குவாலிட்டி இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்ப நாம எதத் தப்பா கேட்டோம் சார்?" என்று என்னையே கேட்டார்.

விஷயம் தெரிந்துவிட்டது, ஒரு போனில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பெங்களூர் ஆலோசகரைக் கூப்பிட்டு முழுக் கதையும் சொன்னேன். ரசித்துக் கேட்டார். பிறகு, அந்த நிறுத்தங்களிலிருந்து புதிய தகவல் வந்தால் மெஷின் தானாகவே திருத்திக்கொள்ளும் என்றார்.

"பஸ் அங்கே போனாத்தானே சார் தகவல் வரும்?"

"ஆமா சார்."

"பஸ் போகணும்னா?"

"சிஸ்டம் பாதையில அந்த ஸ்டாப் இருக்கணும்."

"இருக்கணும்னா?"

"அங்க ஆளுங்க ஏர்றாங்கன்னு தகவல் இருக்கணும் சார்."

எனக்குத் தலை சுற்றியது. இல்லையென்றால் நீங்களே மெஷினின் யோசனையைத் தள்ளிவிட்டுப் பழைய பாதையைப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்.

பிளான்ட் ஹெட்டிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். யானைக் கதையில் உண்மையாகவே கவலைப்பட்டார். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து ரிவியூவுக்கு வர இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. எல்லாக் கிளைகளிலும் எங்களுடைய ஏஐ வேலை ஒன்றுதான் ஒரு தடவைகூட மனிதர்கள் கை வைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எதை வெச்சு வெற்றின்னு சொல்றதுன்னு உங்க கமிட்டிதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றார். "இப்ப நீங்களே தள்ளிவிட்டா அது ஃபெயில்னு ஆயிடும். ஃபெயில்னு ஆனா இதையே நிறுத்திடுவாங்க. அப்ப அந்த ஒரு பஸ் மட்டுமில்ல, எல்லாமே பழைய குத்துமதிப்புக்குப் போயிடும். ரிவியூ முடியட்டும். மறுநாளே மாத்திக்கலாம்."

வெளியே வந்து காரிடாரில் நின்றபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் மேலா, மெஷின் மேலா, யானை மேலா? முனியப்பன் மேல்கூடக் கொஞ்சம் வந்தது.

அந்த வாரங்களை அவள் எப்படியோ ஓட்டப் பார்த்தாள். புருஷன் பைக்கில் கொண்டுவந்து கோயிலில் விடுவார். பனியில் அந்தக் காட்டு ரோட்டில் பைக்கில் வருவது விளையாட்டில்லை. நான் ஆபீஸ் ஜீப்பை இரண்டு நாள் அனுப்பினேன். அதற்குப் பிறகு ரிவியூவுக்கு வருகிறவர்களின் ஏற்பாட்டுக்கு ஜீப் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். ஓசூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் தங்குகிற இடம் ஒன்று இருந்தது, கேட்டுப் பார்த்தேன்.

"வூட்ல ஒத்துக்க மாட்டாங்க சார். அப்பிடி தங்கறதுன்னா போவவே வேணாம்னுதான் மொதல்லயே சொன்னாங்க."

மேல் ஊர்களில் இருந்து வந்தவர்கள் எல்லாருமே திருமணம் ஆகாத பெண்கள். அவர்கள் ஓசூரில் ரூம் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஊரில் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான், அவளுக்கு அந்த வழி இல்லை. ஒரு நாள் காலையில் வளைவு திரும்பும்போது எதிரே யானை நின்றிருக்கிறது. பைக்கைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அன்றைக்கு மத்தியானம் அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ரொம்ப அமைதியாகப் பேசினாள்.

"அனுப்ப மாட்டேங்கறாங்க சார். பஸ்ஸு வர்ற வரைக்கும் வூட்லயே இருக்கச் சொல்றாங்க. எம்பேரு எடுத்துருவாங்களா?"

எடுக்க விட மாட்டேன் என்றேன். சொல்லும்போது நம்பிக்கையோடுதான் சொன்னேன். ஹெச்ஆருக்கு நடந்தேன், எழுதிக் கொடுத்தேன், பார்க்கலாம் என்றார்கள். ஆனால் டிரெய்னி தொடர்ந்து வராமல் இருந்தால் பட்டியலிலிருந்து பெயர் தானாகவே விழுந்துவிடும். அதை ஒரு மனிதர் உட்கார்ந்து எடுத்தால் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சலாம். தானாக விழுவதை எந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது?

ரிவியூ அமோகமாக நடந்தது. கேன்டீனில் மிஞ்சிய சோறு எப்படிக் குறைந்தது, டீசல் எப்படிக் குறைந்தது என்று படம் போட்டுக் காட்டினார்கள். தவறாகப் போகாத திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வந்திருந்த பெரியவர் கேட்டார். என்னைப் பேசச் சொன்னார்கள். ஆலோசகர் சொல்லிக்கொடுத்த கேள்விகளைச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? மேடையில் கமிட்டிக்கு மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று காலியாக இருந்தது. தொழிலாளர் பிரதிநிதி எங்கே என்று அவர் கேட்க, லீவு என்றார் பிளான்ட் ஹெட். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மற்ற கிளைகளும் இதே முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெயிண்ட் ஷாப் கேமராவைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது நிச்சயம் தோற்றிருக்கும், பாலித்தீன் போர்வையோடு மூலையில் நின்றிருக்கும், யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது என்று ஓர் எண்ணம் வந்தது. அப்படியென்றால் தோற்கிறதைத்தான் பார்த்து எடுக்க வேண்டுமா? அதுவும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது.

பிளான்ட் ஹெட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளே பழைய பாதைக்குக் கையெழுத்துப் போட்டார். கார்டு மெஷினின் சத்தம் வருகிற ஓட்டையில் டிரைவர் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ஒட்டினார். பீப் செத்துப்போயிற்று. ஒரு டேப்பில் முடிகிற காரியம். இனி காட்டுக்குள்ளும் மெஷினைப் போடலாம், ஊருக்கு ஊர் சரியான எண்ணிக்கை வரும். ஹெச்ஆரில் அவள் பெயர் விழுந்துவிட்டிருந்தது. ஆனால் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறோம், பயிற்சியை முதலிலிருந்து தொடங்கட்டும் என்ற அளவுக்கு இறங்கிவந்தார்கள். போனில் சொன்னால் எடுபடாது என்று நினைத்து, முதல் நாள் பஸ்ஸில் நானே போனேன்.

தேன்கனிக்கோட்டையில் ஏறினேன். கோயிலைத் தாண்டியதும் டிரைவர் என் பக்கம் திரும்பி, "இனிமே பேச்சு வேணாம் சார்," என்றார். பனி. ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பஸ் ஊர்ந்து போயிற்று. இத்தனை வருஷம் இந்தப் பஸ்ஸை நான்தான் ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன், இந்த ரோட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேல் ஊர்கள் இரண்டிலும் யாரும் இல்லை. ரூம் எடுத்த பெண்கள் ஓசூரிலேயே தங்கிவிட்டார்கள். திரும்பி வருகிற வழியில் அவள் ஊர்.

அவள் நின்றிருந்தாள். சீருடையில் இல்லை. பழைய ஸ்வெட்டர், தலையில் துண்டு, கையில் பால் கேன். பஸ் நின்றதும் என் ஜன்னலுக்குக் கீழே வந்தாள். நான் குனிந்தேன். சத்தமாகப் பேச முடியாது.

"ஏறும்மா," என்றேன் மெதுவாக. "சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. மொதல்லேந்து டிரெய்னிங் மட்டும் பண்ணணும்."

அவள் தலையை ஆட்டினாள்.

"இன்னும் ரெண்டு மாடு புடிச்சிட்டாங்க சார். காலையில நாந்தான் கறந்து சொசைட்டில ஊத்தணும். மொதல்லேந்துன்னா வூட்ல வுட மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான், இன்னும் கொஞ்ச நாள்தான்னு சொல்லித்தான் இதுவரைக்கும் வந்தேன்."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வீட்டுக்கு வருகிறேன், மாமனாரிடம் பேசுகிறேன், பிளான்ட் ஹெட்டையே கூட்டிவருகிறேன். ஆனால் காதோடு காதாகச் சொல்லக்கூடியவை இல்லை அவை. டிரைவர் கண்ணாடியில் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிவியூ பாஸாயிடுச்சா சார்?"

"ஆயிடுச்சும்மா."

"நல்லதுங்க. நாம எடுத்ததாச்சே." அதில் கிண்டல் ஏதும் இல்லை. நிஜமாகவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பால் கேனை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவள் ஓரமாக நகர்ந்தாள். டிரைவர் வழக்கமாக நிற்கிற நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சத்தமில்லாத அந்த மெஷினின் சின்னத் திரையில் அவள் ஊர்ப் பெயர் வந்தது, அதற்குப் பக்கத்தில் பூஜ்ஜியம் என்று பதிந்தது, அடுத்த நிறுத்தத்துக்குப் போயிற்று. எவ்வளவு யோசித்தாலும் அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு அந்த ஊரில் யாரும் ஏறவில்லை.